பத்துக்கு ஒம்போது

தனக்கோடி அக்காவுக்குக் கணக்கு தெரியாது. எட்டாம் வகுப்பில் அவர் ஃபெயில் ஆனதே கணக்கில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 2007 ஏப்ரலில் அவர் பெண் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் எதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள் என்பதுதான். அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் எதிர்வீடுதான் அவருடையது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அப்போது பதினோரு வருடமாக வேலை. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை வெளியே எடுப்பார்கள். அந்த ஈரப் பொம்மையின் ஓரத்தில் அச்சு சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குவது அக்காவின் வேலை. பிறகு பொம்மை காயும், சூளைக்குப் போகும், சுட்டு வெளியே வரும். வந்ததும் அளவு சரியா என்று பார்ப்பதும் அக்காதான். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறிப்போயிருக்கும்.

வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். அரவை நடக்கிற மாதங்களில் பெண்ணாடம் மில் வாசலில் லோடோடு வரிசையில் நின்று, வண்டிக்கு அடியிலேயே படுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். ஒரே பெண் பிரபா.

பிரபா ஆறாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினாள். பெற்றோர் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் தேவநாதன் சார் எல்லா அம்மாக்களையும் நிற்கவைத்து, பிள்ளைகளை வீட்டில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இங்கே முக்கால் மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று பேசினார். ஆறு மணி வரைக்கும் களிமண்ணில் கை வைத்திருக்கிறவர்களிடமும், வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவர்களிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் கூட்டம் முடிந்த பிறகு அவரிடம் போய், பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சார் சிரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், போதும் என்றார்.

அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் சாயந்திரத்திலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் பிரபாவை உட்காரவைத்துப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. பெண் சரியாகப் போடுகிறாளா தப்பாகப் போடுகிறாளா என்றே தெரியவில்லை. நான்காம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ பாட்டுக்கு எழுதிக்கினு போற. இது ரைட்டுன்னு எனக்கு எப்பிடிடி தெரியும்?"

பிரபா எண்பத்து நான்கை ஏழால் வகுத்துப் பன்னிரண்டு என்று போட்டிருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பன்னிரண்டை ஏழால் பெருக்கிக் காட்டினாள். எண்பத்து நான்கு திரும்ப வந்தது. அக்கா கேள்வியில் இருந்த எண்பத்து நான்கையும், கீழே வந்த எண்பத்து நான்கையும் மாறி மாறிப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை. சுட்ட பொம்மையை அளவோடு ஒத்துப் பார்க்கிற வேலை.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் ஒரே சட்டம்தான். எந்தக் கணக்கு போட்டாலும் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டும். கிளம்பின இடத்துக்கே கணக்கு வந்து சேர வேண்டும். சேரவில்லையென்றால் மறுபடியும் போட வேண்டும். ரசம் கொதிக்கிற சத்தத்துக்கு மேலே, "திருப்பிப் போட்டுக் காட்டு" என்று அக்கா கேட்பது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். எக்ஸ், ஒய் எல்லாம் வந்த பிறகும் அவர் விடவில்லை. எக்ஸ் என்றால் என்ன என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஆனால் கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே எண் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். வராவிட்டால் பிரபாவே எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் திருத்துவாள். பதினெட்டு வாங்கிய பெண் எட்டாம் வகுப்பில் எழுபத்தொன்று வாங்கினாள்.

ஒருநாள் கொளஞ்சியப்பன் சாப்பிட உட்கார்ந்தவர், நம் வம்சத்துக்கே கணக்கு ஆகாது, எதற்குப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறாய் என்று ஏதோ சொல்லிவிட்டார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு அவ காதுல வுழுந்திச்சு, இந்த வூட்டுல உனக்குச் சோறு கெடையாது."

அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது 2007 ஏப்ரலில் நடந்த பரீட்சைக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், ஐம்பது மார்க்குக்குத் தேவநாதன் சார் தனியாக ஒரு கணக்குப் பரீட்சை வைப்பார். அதில் முப்பத்தைந்தும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் பத்தாம் வகுப்பில் ஏ செக்ஷன். அவர்களுக்கு மே மாத லீவிலேயே ஸ்பெஷல் கிளாஸ், முழுப் பாடமும் நடத்துவார்கள். மற்றவர்கள் பி செக்ஷன். அவர்களுக்கு வரைபடமும் செய்முறை வடிவியலும் மட்டும் திரும்பத் திரும்பப் போடவைத்து, முப்பத்தைந்து மார்க் எடுத்துப் பாஸ் செய்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். பி செக்ஷனிலிருந்து பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்புக்குப் போனவர்கள் யாரும் இல்லை. எப்படிப் போவார்கள்? முக்கால்வாசிப் பாடத்தை அவர்கள் கண்ணிலேயே காட்டவில்லையே! பதினாலு வயதில் ஒரு பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறோம் என்று அங்கே யாருக்கும் உறுத்தவே இல்லை. பிரபாவுக்குக் கணக்கு குரூப் வேண்டும். அக்காவுக்கு அவளைவிட அதிகமாக வேண்டும்.

பிரபா ஐம்பதுக்கு முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். நான்கு மார்க்கில் பி செக்ஷன்.

திருத்திய விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு கணக்குக்குத்தான் மொத்தமாக முட்டை. ஐந்து மார்க் கணக்கு. நம் ஊர்க் கணக்காக இருக்கட்டும் என்று தேவநாதன் சாரே ஆசையாக உண்டாக்கியது. ஒரு பீங்கான் பொம்மை, காய்ந்து சுட்டதும் அச்சின் அளவிலிருந்து பத்து சதவீதம் சுருங்குகிறது. சுட்ட பொம்மையின் உயரம் பதினெட்டு சென்டிமீட்டர். அச்சின் உயரம் என்ன? பிரபா இருபது என்று எழுதியிருந்தாள். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் சிவப்பு மையில் 19.8.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தார். ஐந்து மார்க். முப்பத்தொன்றோடு ஐந்து சேர்ந்தால் முப்பத்தாறு. அந்தக் கூட்டல் அவருக்குத் தெரியும்.

"நான் திருப்பிப் போட்டுப் பாத்தேம்மா. இருபதுல பத்து பர்சன்ட் ரெண்டு. ரெண்டு போனா பதினெட்டு. கரெக்டா வருது."

"அப்ப சாரு போட்டிருக்குறது?"

"அது வராதும்மா. பதினேழு புள்ளி எட்டு ரெண்டுதான் வருது. வேணும்னா போட்டுக் காட்டவா?"

"சாரு தப்பு, நீ ரைட்டா?"

அக்கா அறைந்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மூன்று வருடம் தினமும் திருப்பிப் போட்டுக் காட்டு என்று கேட்ட அதே அம்மா, பெண் தானாக முன்வந்து காட்டுகிறேன் என்று சொன்ன அன்றைக்குப் பார்க்கவில்லை. சிவப்பு மைக்கு அவ்வளவு பயம். சரியான விடையை நூறு தடவை எழுது, அப்போதுதான் புத்தியில் ஏறும் என்று நோட்டை எடுத்துப் போட்டார். பிரபா அழவில்லை. உட்கார்ந்து, "அச்சின் உயரம் 19.8 செ.மீ." என்று வரிசை எண் போட்டு நூறு வரி எழுதி, நோட்டை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் கணக்குப் பேச்சே இல்லை.

நான்காம் நாள் கம்பெனியில் அக்கா ஸ்பாஞ்சு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் விமலாராணி அக்கா, அதே வேலை. அவருடைய மகன் பிரின்ஸும் பிரபாவின் வகுப்புதான், அவனும் பி செக்ஷன்தான். விமலாராணி அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதித்தது அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார். அப்போது முதலாளி சாமிதுரை கதவருகில் நின்று, பாண்டிச்சேரிக் கடைக்கு ஒரு பூச்சாடி வேண்டுமாம், சுட்டது சரியாக ஒன்பது இன்ச் இருக்க வேண்டுமாம், அச்சு என்ன அளவு போடச் சொல்வது என்று கேட்டார்.

"பத்து இன்ச்சு போடச் சொல்லுங்க" என்றார் தனக்கோடி அக்கா, தலையைக்கூடத் தூக்காமல்.

"நல்லாப் பாத்துச் சொல்லு தனக்கோடி. அப்பறம் மொத்த சரக்கும் வீணாப் பூடும்."

"பத்துக்கு ஒம்போது. பதினோரு வருசமா அதானே. இதுல புதுசா பாக்குறதுக்கு என்னா இருக்குது?"

சொல்லி முடித்த பிறகு கையில் இருந்த ஸ்பாஞ்சு நின்றுவிட்டது. பத்துக்கு ஒன்பது. அப்படியானால் இருபதுக்குப் பதினெட்டு. தொழிற்பேட்டையில் கூழ் ஊற்றுகிறவர், சூளையில் அடுக்குகிறவர், யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுட்ட அளவோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி அச்சு செய்தால் பொம்மை சின்னதாகத்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் செய்து திட்டு வாங்குகிற தப்பு அது. அக்காவும் வாங்கியிருக்கிறார். தன் கைக்குத் தெரிந்த ஒரே கணக்கு, அதற்குத்தான் பெண்ணை அடித்திருக்கிறார்.

விமலாராணி அக்கா என்னவென்று கேட்டார். தனக்கோடி அக்கா பதிலுக்கு, பிரின்ஸ் அந்தப் பொம்மைக் கணக்குக்கு என்ன எழுதினான் என்று கேட்டார். அவனும் இருபதுதான் எழுதியிருக்கிறான். அதற்காக அவனும் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறான். சாயந்திரம் இருவரும் விசாரித்தார்கள். அந்த வகுப்பில் இருபது என்று எழுதியவர்கள் மொத்தம் நான்கு பேர். நான்கு பேரும் செராமிக்கில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சரியாக எழுதியது அவர்கள் மட்டும். முட்டை வாங்கியதும் அவர்கள் மட்டும். இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மறுநாள் அக்கா கம்பெனிக்கு லீவு சொன்னார். முதலாளியிடம் கேட்டு, இருபது சென்டிமீட்டர் பொம்மை அச்சில் ஒரு பாதியை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டார். பிளாஸ்டர் அச்சு ஒரு பாதியே கல் மாதிரி கனக்கும். அந்த அச்சிலிருந்து எடுத்துச் சுட்ட பொம்மை ஒன்றைப் பழைய தினத்தாளில் சுற்றி மேலே வைத்தார். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, வெயிலில் மிதித்துப் பள்ளிக்கூடம் போனார். விமலாராணி அக்காவைக் கூப்பிட்டார். அவர் வரவில்லை, பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தேவநாதன் சார் ஆசிரியர் அறையில் இருந்தார். அங்கே நடந்ததை அக்காவே பிறகு சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவர் விடைத்தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் கேட்டதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி.

"எட்டாவது ஃபெயிலுங்க" என்றார் அக்கா.

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். சார் பொறுமையாகத்தான் பேசினார், அது இன்னும் மோசம். பதினெட்டில் பத்து சதவீதம் ஒன்று புள்ளி எட்டு, இரண்டையும் கூட்டினால் பத்தொன்பது புள்ளி எட்டு, முப்பது பேருக்கு மேல் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினார். பிறகு சொன்னார்:

"வூட்டுல பாத்துக்கங்கன்னு சொன்னா, மார்க்குக்குச் சண்டைக்கு வர்றதில்லம்மா அதுக்கு அர்த்தம்."

"வூட்டுல பாத்துக்கிட்டதாலதாங்க வந்திருக்கேன்."

அக்கா கூடையை அவர் மேஜை மேலேயே வைத்தார். அச்சை எடுத்தார். வெள்ளைத் தூள் விடைத்தாள் கட்டுகள் மேல் கொட்டியது. சார் முகத்தைச் சுளித்தார். அக்கா பேனா ஸ்டாண்டில் இருந்த ஸ்கேலை எடுத்து அச்சுக் குழியின் நீளத்தை அளந்து காட்டினார். இருபது. பொம்மையை அளந்தார். பதினெட்டு. பிறகு அந்தப் பொம்மையை அது பிறந்த அச்சுக்குள்ளேயே படுக்கவைத்தார். நாலு பக்கமும் இடம் விட்டு, பெரிய அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி அது லொடலொட என்று ஆடியது.

கம்பெனியில் அப்படி இருக்கலாம், புத்தகத்தில் கணக்கு வேறு என்றார் சார்.

சதவீதம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அக்காவால் அவரோடு வாதாட முடியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னார்.

"திருப்பிப் போட்டுக் காட்டுங்க சார்."

"என்னது?"

"பத்தொம்போது புள்ளி எட்டுலேருந்து பத்து பர்சன்ட்டு கழிச்சிக் காட்டுங்க. பதினெட்டு வந்துச்சின்னா நான் கால்ல வுழுந்துட்டுப் போயிடுறேன். எம்பொண்ணு தெனமும் எனக்குக் காட்டுவா. நீங்க ஒரு வாட்டி காட்டுங்க."

அதற்குள் குரல் கேட்டுத் தலைமையாசிரியை அருள்ஜோதி மேடம் வந்துவிட்டார். அவர் எதிரில் மறுக்க முடியாமல் சார் ஒரு துண்டுத் தாளில் போட ஆரம்பித்தார். பத்தொன்பது புள்ளி எட்டில் பத்து சதவீதம் ஒன்று புள்ளி ஒன்பது எட்டு. கழித்தார். பதினேழு புள்ளி எட்டு இரண்டு. பேனா அங்கேயே நின்றது. மேடம் எட்டிப் பார்த்தார்.

சார் பேனாவை மூடிவிட்டு, சரி, உங்கள் பெண்ணுக்கு ஐந்து மார்க் கருணை மதிப்பெண் போட்டுவிடுகிறேன், லிஸ்ட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்றார். தப்பு செய்தது அவர். கருணை காட்டுவதும் அவராம்!

"கருணையெல்லாம் வேணாங்க. அவ ரைட்டா போட்டதுக்கு மார்க்கு போடுங்க. அவளுக்கு மட்டும் இல்ல, இருபதுன்னு எழுதின நாலு பேருக்கும் போடுங்க."

நான்கு பேருக்கும் போட்டால், மற்ற முப்பது பேர் மார்க்கைக் குறைக்க வேண்டி வருமே, அவர்கள் பெற்றோர் சும்மா இருப்பார்களா என்று சார் மேடத்தைப் பார்த்தார். அந்தப் பெற்றோர்களுக்கு அவர் பயந்தார். இந்தப் பெற்றோருக்குப் பயப்படவில்லை. மேடம் அந்தப் பொம்மையை அச்சுக்குள் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கும் குறைக்க வேண்டாம், சரியாக எழுதிய நான்கு பேருக்கும் ஐந்து ஐந்து போடுங்கள், இன்றைக்கே லிஸ்ட்டை மாற்றி ஒட்டுங்கள் என்றார். அக்கா லிஸ்ட் ஒட்டுகிற வரைக்கும் நோட்டீஸ் போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். பிரபா முப்பத்தாறு. பிரின்ஸ் முப்பத்தைந்து, ஏ செக்ஷன். மற்ற இருவரும் ஐந்து சேர்ந்தும் முப்பதைத் தாண்டவில்லை. அவர்கள் பி செக்ஷனிலேயே நின்றார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி அக்கா வரவில்லை. சைக்கிளை நிறுத்தும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது. பிரபா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா விஷயத்தைச் சொன்னார். ஏ செக்ஷன், மே ஒன்றாம் தேதிக்கு மறுநாள் கிளாஸ். பிரபா முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நான் அன்னிக்கே திருப்பிப் போட்டுக் காட்டுறேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"நீ பாக்கலல்ல?"

"பாக்கல."

அக்கா உள்ளே போனார். அந்த நூறு வரி நோட்டையும், ஸ்கேலையும், பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து நடைவாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் வரிமேல் ஸ்கேலை வைத்து, 19.8ஐக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் 20 என்று எழுதினார். இரண்டாவது வரி. மூன்றாவது வரி. ஊறிப்போன விரல்களால் பேனாவை, பொம்மை சுரண்டுகிற கத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி அழுத்தி அடித்தார்.

பிரபா ரொம்ப நேரம் பார்க்காத மாதிரியே புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதாவது வரி வரும்போது முறத்தை வைத்துவிட்டுக் கிட்டே வந்து நின்றாள்.

"போதும் வுடும்மா."

"நூறு எழுத வெச்சேன்ல. நூறும் அடிக்கணும்."

பிரபா பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவை வாங்கவில்லை. அம்மா ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு போக, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.